நீரை மாற்றினால் போதுமா?

கொத்மலையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. ஊற்று, பீலி, ஓயா, நீர்த்தேக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். கடல் மட்டும் எங்களுக்குத் தூரத்து உறவு. அந்தக் கடலில் 200 லீற்றரை எங்கள் முன்னறைக்குக் கொண்டுவந்தவர் என் சாச்சா. கட்டாரில் வேலை செய்து திரும்பியவர், சேமிப்பில் ஒரு பங்கைச் செலவிட்டு உப்புநீர் மீன்தொட்டி ஒன்றை அமைத்தார். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மென்பவளம், துளைகள் நிறைந்த சில கடற்கற்கள்.

ஏழெட்டு மாதங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்தது. பவளம் சுருங்கியது. இரை போட்டால் ஓடி வரும் மீன்கள் மூலையிலேயே நின்றன. சாச்சா சோதனைக் குப்பியில் நீரெடுத்து மருந்து கலந்தபோது நிறம் கடுஞ்சிவப்பானது. லீற்றருக்கு 80 மில்லிகிராம் நைத்திரேற்று! பவளப்பாறைகளைச் சூழ்ந்த தெளிந்த கடலில் இது 1 மில்லிகிராமைக்கூட எட்டாது. "வித்துப்போட்டு வேற வேலையப் பாப்பம்" என்றார் சாச்சா. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என்னைப் பார்த்து உம்மா கேட்டார்: "ஒங்கட படிப்புல இதுக்கு ஒரு வழியும் இல்லையா மகள்?"

வழி இருந்தது. பரீட்சைக்காக நாங்கள் மனனம் செய்யும் நைதரசன் வட்டம் அந்தத் தொட்டிக்குள்தான் சுழன்றுகொண்டிருந்தது. மீன் தன் பூக்களின் வழியே அமோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய இரையும் அழுகி அமோனியாவாகிறது. அது கொடிய நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றின் நச்சுத்தன்மை குறைவு. ஆனால் பெரும்பாலான தொட்டிகளில் வட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் இல்லாத இடம் வேண்டும். எங்கள் தொட்டியில் அப்படி இருந்த இடம் கற்களின் உட்துளைகள் மட்டுமே. உள்ளே வருவது அதிகம், வெளியேறும் வாசலோ சிறியது. நீரில் கரைந்துவிட்ட நைத்திரேற்றைப் பஞ்சால் வடித்தெடுக்கவும் முடியாது.

நீரை மாற்றுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கால்வாசி நீர் என்றால் 50 லீற்றர். லீற்றருக்கு 35 கிராம் வீதம் ஒருமுறைக்கு ஒன்றேமுக்கால் கிலோ கடலுப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. கலவையோ இறக்குமதிப் பொருள். 2022 நெருக்கடிக்குப் பின் அதன் விலையைக் கேட்டாலே சாச்சா பெருமூச்சு விடுவார்.

நான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். வாரம் ஒருமுறை கால்வாசி நீரை மாற்றினால் 80 என்பது 60, 45, 34, 25 என்று நான்கு வாரங்களில் இறங்க வேண்டும். ஆனால் அந்த வாரங்களில் மீன்கள் சும்மா இருக்குமா? அளந்து பார்த்ததில் ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய 10 மில்லிகிராம் புதிதாகச் சேர்ந்தது. அதையும் கணக்கில் எடுத்தால், எத்தனை வருடம் நீர் மாற்றினாலும் மாற்றும் நாளில் அளவு 40 இலேயே வந்து நிற்கும். 40 இல் கால்வாசியான 10 வெளியே போகிறது, அடுத்த வாரத்துக்குள் இன்னொரு 10 உள்ளே வருகிறது. கணக்கைப் பார்த்த வாப்பா, "கடைக் கணக்கு மாதிரித்தான். வரவு கொறயாம நிலுவை கொறயாது" என்றார். வாரவரவை 4 ஆக்கினால், அதே 50 லீற்றர் மாற்றத்தில் அளவு 16 க்கு இறங்கிவிடும். மேலதிகமாக ஒரு பிடி உப்பும் வாங்கத் தேவையில்லை.

ஆகவே வரவைப் பிடித்தோம். வீட்டில் உம்மம்மா, தம்பி, வரும் விருந்தாளி என எல்லோரும் அன்பாக இரை போடுவார்கள். இனி சாச்சா மட்டும், நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. உறைந்த இரையைக் கழுவிய பின்பே இடுவது. வடிகட்டிப் பஞ்சில் தங்கும் கழிவு அழுகுமுன் வாராவாரம் அலசுவது. புதிய நீரையும் முதலில் சோதிப்பது.

வெளியேறும் வாசலையும் பெரிதாக்கினோம். பின்பக்கப் பெட்டியில் விளக்கு வைத்து ஒரு கைப்பிடி கடற்பாசி வளர்த்தோம். அது நைத்திரேற்றை உண்டு வளரும். அதைப் பிடுங்கி எறியும்போது நைத்திரேற்றும் சேர்ந்தே வெளியேறும். பற்றீரியாக்களுக்குக் காபன் உணவு கொடுத்தால் அவை பெருகி நைத்திரேற்றை உள்ளெடுக்கும், நுரை அள்ளும் கருவி அவற்றை அகற்றும். வெளிநாடுகளில் சிலர் இதற்கு வோட்கா ஊற்றுவதாக நான் வாசித்ததும் உம்மா "அஸ்தஃபிருல்லாஹ்!" என்றார். அதே வேலையைச் சமையலறை வெள்ளை வினாகிரி செய்யும். நாளுக்குச் சில மில்லிலீற்றர்தான். கூடினால் பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனை முடித்துவிடும்.

எதையும் அவசரமாகச் செய்யவில்லை. பல மாதம் ஒரு நீருக்குப் பழகிய உயிர்களைத் திடீரென வேறொரு நீருக்குள் தள்ளினால் அதுவே அவற்றுக்கு ஆபத்து. மூன்று மாதங்களில் அளவு 15 இல் நின்றது. பவளம் விரிந்தது, அல்ஹம்துலில்லாஹ். தொட்டியை விற்கும் பேச்சும் நின்றது.

ஆனால் அந்தக் கணக்கு என்னை விடவில்லை. எங்கள் ஊரிலேயே இன்னொரு பெரிய தொட்டி இருக்கிறதே! 1985 இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்த்தேக்கம் 17 கோடி 40 இலட்சம் கன மீற்றர் நீர் கொள்ளும். 1991 இல் அதன் மேற்பரப்பு பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் ஆனது. மைக்குரோசிசுற்றிசு என்னும் நீலப்பச்சை அல்காவின் பெருக்கம் அது. நஞ்சு சுரக்கக்கூடிய இனம். பாடத்தில் இதை நற்போசணையாக்கம் என்கிறோம். நைத்திரேற்றும் பொசுபேற்றும் மிகுந்த நீரில் நடப்பது. நுவரெலியாப் பக்கத்து லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகளின் பசளையும், ஊர்களின் கழிவுநீரும் மழையோடு நானு ஓயாவிலும் கொத்மலை ஓயாவிலும் இறங்கி இங்கேதான் சேர்கின்றன. இங்கிருந்து மகாவலியாகக் கம்பளைக்கும் கண்டிக்கும் போகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள்.

நீர்த்தேக்கத்துக்கு வாளியால் நீர் மாற்ற யாராலும் முடியாது. வரவைக் குறைப்பது ஒன்றே வழி. அதையும் நிதானமாகவே செய்ய வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது. விளைச்சல் விழுந்தது, விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், நவம்பரில் தடை நீங்கியது. திடீர் மாற்றத்தை மீன்தொட்டியும் தாங்காது, மனிதர்களும் தாங்கமாட்டார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியதுதான். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் மரக்கறிப் பாத்திக்குப் பசளை போடப் புறப்படும் வாப்பாமார் அது பெய்து ஓயும்வரை பொறுக்கலாம். ஒரே தடவையில் கொட்டுவதைச் செடி எடுக்கும் அளவாகப் பிரித்து இடலாம். பாத்திக்கும் ஓடைக்கும் இடையில் இரண்டடிப் புல்லை வெட்டாமல் விடலாம். சோற்றையும் மீன் கழுவிய கழிவையும் பீலியோடு விடாமல் குழியில் இட உம்மாமாருக்கு நாங்கள் உதவலாம். கீழே எங்கோ ஒரு வீட்டில் அந்த நீரைக் காய்ச்சித்தான் ஒரு பிள்ளைக்குப் பால் கரைக்கிறார்கள்.