தாயம் விழுந்த இரவு

ஒன்று விழுந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தாயம். அப்பத்தா கட்டையை உருட்டி, தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள்ளேயே இறங்கும். பழக்கதோஷம், இங்கிலாந்தில் கெண்ட் பக்கத்து தேவாலயக் கூடம் ஒன்றில் வியாழக்கிழமை இரவு "தாயம்!" என்று கத்திவிட்டேன். எதிரே நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர் சிரித்துக்கொண்டே இஞ்ச் டேப்பைப் பிடித்து, தன் சிவப்புச் சட்டைச் சிப்பாய்களை எட்டு அங்குலம் முன்னால் நகர்த்தினார். இந்தப் பொம்மைச் சிப்பாய்ச் சண்டை விளையாட்டில் ஒன்று விழுந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

அன்று நாங்கள் ஆடியது புள்ளலூர்ச் சண்டை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் மடக்கியது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, படை குலைந்தது, பெய்லி சிறைப்பட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையில் ஒரு சுவர் முழுக்க அந்தக் காட்சியைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் மேசையிலோ எல்லாம் 28 மில்லிமீட்டர் பொம்மைகள். வண்டி வெடிக்க எனக்கு ஐந்தோ ஆறோ விழவேண்டும். தாயம் விழுந்தது. பெய்லி சௌக்கியமாக மெட்ராஸ் போய்ச் சேர்ந்தார்.

இந்தப் பாழாய்ப்போன பகடையைச் சண்டைக்குள் கொண்டுவந்தது யார்? வயிற்றெரிச்சலில்தான் தேட ஆரம்பித்தேன்.

தபால்காரர் ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்தார். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-ல் எழுதிய 'வார் கேம்ஸ்'. ஃபெதர்ஸ்டோன் சவுத்தாம்டன்காரர், தொழில் பிசியோதெரபி. இன்று ஊருக்கு ஊர் இப்படிக் கிளப்புகள் இருப்பதற்கு அந்தப் புத்தகம் பெரிய காரணம். அதில் பகடை தாராளமாகவே உருளுகிறது. ஆனால் அவர் கண்டுபிடித்ததல்ல.

அவருக்கு முன்னால் எச்.ஜி. வெல்ஸ். 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்கு 1913-லேயே விதி எழுதியவர். அவர் குடியிருந்த சாண்ட்கேட் எனக்குப் பக்கம்தான். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், வீட்டை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன். அந்த வீட்டுக்கு ஸ்பேட் ஹவுஸ் என்று பெயர் வந்த கதை எனக்குப் பிடிக்கும். கட்டடக் கலைஞர் வாய்சி கதவில் இதய வடிவம் வைக்க ஆசைப்பட்டாராம். இதயத்தை வாசலில் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று வெல்ஸ் அடம்பிடிக்க, அதையே தலைகீழாகத் திருப்பி, வால் வைத்து, சீட்டுக்கட்டு ஸ்பேட் ஆக்கினார்கள்.

வெல்ஸ் எனக்குச் சாதகமாகப் பேசுவார் என்று நம்பிப் போனேன், வீண்போகவில்லை. அவருடைய ஆட்டத்தில் பீரங்கி சுட்டால் நிஜமாகவே சுடவேண்டும். பிரிட்டன்ஸ் கம்பெனியின் ஸ்பிரிங் பீரங்கியில் சிறு மரக்குச்சியைப் போட்டு, குறிபார்த்து விடவேண்டும். விழுந்த பொம்மை செத்தது. பீரங்கிக்கு ஆறு அங்குலத்துக்குள் நம் ஆட்கள் நாலு பேராவது நிற்காவிட்டால் அது சுடாது. கைகலப்பு என்றால் தலைக்குத் தலை கழிக்கும் கணக்கு. அதிர்ஷ்டத்தை நம்பிப் பகடை போடும் வேலையே கிடையாது.

அப்படியானால் பகடை அவருக்கும் முந்தியதாக இருக்கவேண்டும்.

முந்தியதுதான், பிரஷ்யாவில். புள்ளலூர்ச் சண்டை நடந்த அதே 1780-ல், பிரஷ்யாவுக்குப் பக்கத்து பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கத்தை ஊதிப் பெருக்கி, ஆயிரத்துக்கு மேல் கட்டங்கள் கொண்ட போர் ஆட்டம் ஒன்றை வெளியிட்டிருந்தார். நம்மூர் சதுரங்கம் பாரசீகம் வழியாக அங்கே போய் இந்தக் கோலம் எடுத்திருந்தது. கட்டங்களைத் தூக்கி எறிந்தவர் ரைஸ்விட்ஸ். 1812-ல் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியம் மன்னருக்கு அவர் செய்து கொடுத்தது மேசையளவு நிலப்பரப்பு. மேட்டையும் ஆற்றையும் துண்டு துண்டாக அடுக்கி மாற்றிக்கொள்ளலாம். பீரங்கிப்படை அதிகாரியான அவர் மகன் 1824-ல் அதை 1:8000 வரைபடத்துக்கு இறக்கி, விதிகளை அச்சிட்டார். என் பகடை அங்கேதான் இருந்தது.

நான் எதிர்பார்த்தது சூதாட்டம். கிடைத்தது வேறு. ஷார்ன்ஹார்ஸ்ட் என்ற பிரஷ்யத் தளபதி பலகைத் தடுப்பு நிறுத்தி, தூரம் அளந்து, துப்பாக்கியால் சுடவைத்து, எத்தனை குண்டு பட்டது என்று எண்ணிப் புத்தகம் போட்டிருந்தார். இத்தனை அடி தூரத்தில் நூறு குண்டுக்கு இத்தனைதான் படும் என்கிற அந்தக் கணக்கைத்தான் மகன் ரைஸ்விட்ஸ் பகடையின் பக்கங்களில் ஏற்றினார். நான் திட்டிக்கொண்டிருந்தது யாரோ எண்ணிவைத்த பலகை ஓட்டைகளை.

பிரஷ்ய ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் முஃப்லிங் அந்த ஆட்டத்தை ஏனோதானோ என்று பார்க்க உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது இது படைக்கே தேவையான பயிற்சி என்று பரிந்துரைத்தார். அப்படி ஒரு பேர் வாங்கிய மகன் ரைஸ்விட்ஸ் 1827-ல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அந்த வரியைப் படித்த பிறகு அன்று மேற்கொண்டு படிக்கத் தோன்றவில்லை. 1876-ல் இன்னொரு பிரஷ்ய அதிகாரி, வெர்டி துவர்னுவா, பகடையே வேண்டாம், அனுபவசாலியான நடுவர் சொன்னால் போதும் என்றார். எங்கள் கிளப்பில் அதை அமல்படுத்தினால் அடிதடியாகிவிடும்.

இதையெல்லாம் தபால்காரரிடம் ஒப்பித்தேன். அடுத்த வியாழன் அவர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே அவர் அப்பாவின் பிரிட்டன்ஸ் பீரங்கி, பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது. "பகடைதானே உங்களுக்கு ஆகாது? இந்தாங்க" என்றார். தீக்குச்சியை ஒடித்துப் போட்டு, மேசை விளிம்பில் தாடையை வைத்து, ஒற்றைக் கண்ணால் வெடிமருந்து வண்டியைக் குறிபார்த்தேன். ஸ்பிரிங் அடித்தது. குச்சி வண்டிக்கு ஒரு சாண் தள்ளிப் போய், மூன்று வாரமாக நான் உட்கார்ந்து பெயின்ட் அடித்த மைசூர் ராக்கெட்காரன் ஒருவனைச் சாய்த்தது. நிமிர்த்தினால் கை ஒடிந்திருந்தது.

தபால்காரர் ஒன்றும் சொல்லாமல் சூப்பர் குளூவை என் பக்கம் நகர்த்தினார்.