படுத்துக்கிட்ட கார்

பொங்கலுக்குத் தம்பி சென்னையில இருந்து கார்ல வந்தான். 14 வருசம் ஓடின ஜெர்மன் சொகுசுக் கார். புதுசா ஒரு சின்னக் கார் வாங்குற காசுக்குக் கிடைச்சுதாம். தெருவே வந்து பார்த்தது. அம்மா திருஷ்டி சுத்திப் போட்டாங்க.

ராத்திரி திண்ணையில உக்காந்திருந்தப்போ மெதுவா ஆரம்பிச்சான். "அண்ணா, என் பங்கு ஒரு ஏக்கராவைக் குடுத்துடலாம்னு இருக்கேன். வண்டிச் செலவு தாங்கல."

நான் பதில் சொல்லல.

காலையில பால் கறக்கப் போறேன், முன்னங்காலை மடக்கின மாடு மாதிரி கார் ஒரு பக்கம் படுத்துக் கிடக்கு. தம்பி ஓடி வந்து ஸ்டார்ட் பண்ணினான். கிர்ர்னு சத்தம் வந்ததே தவிர வண்டி எந்திரிக்கல.

நம்ம டிராக்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "சோப்புத் தண்ணி இருக்குங்களா?"ன்னு கேட்டார். இந்த வண்டியில இரும்பு ஸ்பிரிங் கிடையாது. காத்தடைச்ச ரப்பர் பை மேலதான் நிக்குது. ஜாக்கியும் கட்டையும் குடுத்து, பையோட மடிப்புல தெளிச்சார். நுரை பொங்கிச்சு. வயசான ரப்பர் மடிப்புலதான் வெடிக்குமாம்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு மாசமா ராத்திரி லேசா இறங்கும். ஸ்டார்ட் பண்ணினா ஏறிக்கும், அதனால விட்டுட்டேன்."

"அப்பவே பையை மாத்தியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். கசியுற காத்தை ஈடுகட்ட பம்பு ஓடி ஓடி, இப்ப அதுவும் போச்சுங்க."

பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவையும் காட்டினார். பழுத்து, மயிரிழையா ஒரு கீறல். சூடு பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கிடும். தண்ணி குறைஞ்சது தெரியாம ஓட்டினா இன்ஜின் ஹெட்டுக்கே வேலை வந்துடும்.

தம்பி போன்ல விலை கேட்டான். ஒரு பையும் பம்பும் சேர்த்து நம்ம கறவை மாடு ரெண்டோட விலை. 14 வருசத்துல கார் விலை இறங்கிடுச்சு, சாமான் விலை இறங்கல. இதைத்தான் வாங்கும்போது யாரும் சொல்றதில்ல.

நீங்க யாராவது இப்படி ஒரு வண்டி பார்க்கப் போனா, ராத்திரி முழுக்க நின்ன வண்டியைக் காலையில போய்ப் பாருங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நாலு மூலையும் சமமா நிக்குதான்னு பாருங்க. உங்க கண்ணுக்கு முன்னாடி டப்பா மூடியைத் திறக்கணும்னா, இன்ஜின் ஆறின பிறகுதான்.

மறுநாள் காரை லாரியில ஏத்தி அனுப்பினோம். பஸ்ஸுக்கு வரப்பு வழியா நடக்கும்போது தம்பி சொன்னான், "காரைக் குடுத்துடறேன்ணா."

ஏக்கராவைப் பத்தி அவனும் பேசல, நானும் கேக்கல.