வாப்பாவின் மணிக்கூட்டுச் செயின்

எங்கள் ஊரில் அநேகமான அலுமாரிகளில் ஸ்டீல் செயின் போட்ட ஒரு பழைய கைமணிக்கூடு கிடக்கும். எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் போன வாப்பாமார் கட்டிக்கொண்டு வந்தவை. அவர்கள் மௌத்தான பிறகு பிள்ளைகளில் ஒருவர் அதை எடுத்துக் கட்டினால், செயின் கையில் நிற்காது. "செயின் தளர்ந்து போச்சு, எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்க" என்று யாராவது சொல்வார்கள். எறிய முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

எங்கள் வாப்பாவுடையது சீக்கோ 5. 1963இல் வந்த வகை. உறுதியான கேஸும் செயினும் அதன் ஐந்து அம்சங்களில் ஒன்று என்று கம்பனியே சொன்னது. கிழமை அரபியிலும் இங்கிலீஷிலும் வரும். பின்மூடியில் உள்ள தொடர் இலக்கத்தின் முதலாவது எண் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். எங்களுடையதில் 2, 5. வாப்பா ஜித்தாவில் இருந்த காலத்தோடு சேர்த்துப் பார்த்தால், 1982 மே மாதம் செய்தது.

அதைத் தம்பி கட்டுவது என்று முடிவெடுத்தோம். சின்னப் பொருள்தானே என்று விடாமல், ராத்தாமார் இருவரிடமும் கேட்டு, அவர்கள் மனம் விரும்பி விட்டுத்தந்த பிறகுதான் தம்பியின் கைக்குப் போனது. வாப்பாவுடைய கை தடித்த கை, தம்பியுடையது மெலிந்தது. மோட்டார் சைக்கிளில் போகும்போது மணிக்கூடு முழங்கை வரை ஏறி இறங்கியது. ஒரு கடையில் புதுச் செயின் போடச் சொன்னார்கள். எங்களுக்கு மனம் வரவில்லை.

பஸாரில் இன்னும் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்யும் வயதான ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் முதலில் கேட்டது, "செயின் நீளமா, இல்ல தேய்ஞ்சதா?" இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மணிக்கூட்டைப் பக்கவாட்டில் பிடித்துச் செயினை நீட்டினார். நல்ல செயின் ஓரளவு நேராக நிற்கும். எங்களுடையது வளைந்து தொங்கியது. இரும்பு இழுபடுவதில்லையாம். வியர்வையும் தூசியும் கண்ணிகளுக்குள் போய் அரத்தைப் போல பின்னையும் துளையையும் தின்னுகிறது. அந்தக் காலத்துச் செயின்கள் பல, மெல்லிய தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற கண்ணிகள். அதனால் அவை இன்னும் சீக்கிரம் தேயும்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறோம். செயினைக் கழற்றி, சவர்க்காரம் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, மென்மையான பிரஷால் தேய்த்தார். மணிக்கூட்டைத் தண்ணீரில் போடக் கூடாது. பழைய ரப்பர் வளையங்களை நம்ப முடியாது. பிறகு, கேஸையும் செயினையும் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங் பின்களையும் மாற்றினார். 19 மில்லிமீற்றர் இடைவெளிக்கு 18 போட்டால் ஆடும். வகுப்பில் பாவிக்கும் ரூலரை வைத்து நாங்களும் அளந்து பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் நீளம். லொக்கின் ஓரத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். பின்னை ஒரு துளை தள்ளி வைத்தாலே சில மில்லிமீற்றர் குறையும். அது போதாவிட்டால்தான் கண்ணியில் கை வைக்க வேண்டும். உட்பக்கம் அம்புக்குறி இருந்தால் பின்னை அது காட்டும் பக்கமாகவே தள்ள வேண்டும். எங்களுக்கு இரண்டு கண்ணிகள், இரு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் லொக் மணிக்கட்டின் நடுவில் நிற்காது. அளவு பார்ப்பது பகலில். சூட்டுக்குக் கை கொஞ்சம் வீங்கும், காலையில் இறுக்கினால் மத்தியானம் வலிக்கும். லொக்குக்குக் கீழே சின்ன விரல் நுழைந்தால் சரி.

கடைசியாகத் தேய்மானம். மிக மோசமான கண்ணிகளுக்குப் புதுப் பின் போடலாம், ஆனால் "இந்தச் சலசலப்புப் போயிரும், பரவாயில்லையா?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்தோம். அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாப்பா வுழூச் செய்ய மணிக்கூட்டைக் கழற்றிக் கிணற்றுக்கட்டில் வைக்கும் சத்தம் அது. உம்மா அதைக் கேட்டுத்தான் சுபஹுக்கு எழும்புவா.

உம்மாவிடமே கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: "சத்தம் போனாப் போகட்டும் மகன். மணிக்கூடு ரோட்டுல விழுந்து போனா என்ன செய்ற?"

புதுப் பின் போட்டாயிற்று. முழுக்கப் புதிதாகவில்லை, இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. ஆனால் தம்பியின் கையில் வைத்த இடத்தில் நிற்கிறது. கழற்றிய இரண்டு கண்ணிகளும் தேய்ந்த பின்களும் உம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கின்றன. காக்காவின் மகனுக்கு இப்பவே வாப்பாவைப் போல தடித்த கை. நாளைக்கு அவன் கட்டுவதென்றால் அந்தக் கண்ணிகள் தேவைப்படும்.

நீங்களும் செயினைச் சுருக்கினால், கழற்றிய கண்ணியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கி வையுங்கள்.