கயிறு பிடிப்பவர்கள்

ஜொகூரில் எங்கள் லாயாங் லாயாங் பக்கத்து ஆறுகளுக்கு எதிலும் அவசரம் கிடையாது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கலங்கலாக நகரும். மழை விடாமல் பிடித்தால் கரையேறி வந்து நிற்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்ததும் அப்படி ஏறி நின்ற வெள்ளம்தான். அந்தத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த எனக்குக் கேரளத்துக் கோடஞ்சேரியில் சாலிப்புழா இறங்குகிற வேகத்தைக் கண்டதும் வயிற்றைக் கலக்கியது.

கயாக் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று கேட்டார்கள். கோல குபு பாருவில் சிலாங்கூர் ஆற்றிலும் விடுகிறார்கள்தான். ஆனால் அங்கே மேலே அணை நிற்கிறது. இங்கே மழையைத் தவிர வேறு எஜமான் இல்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் வயநாட்டு மலைச் சரிவிலிருந்து சாலிப்புழாவும் இருவஞ்சிப்புழாவும் பாறைக்குப் பாறை குதித்து இறங்குகின்றன. 2013இல் தொடங்கிய மலபார் ஆற்றுத் திருவிழா என்ற கயாக் போட்டி இந்த மழைக்காலத்தை நம்பித்தான் நடக்கிறது. வெல்பவர்களுக்கு ரேபிட் ராஜா, ரேபிட் ராணி என்று பட்டம். வெளிநாட்டு வீரர்கள் வருகிறார்கள், கேமராக்கள் வருகின்றன. அதையெல்லாம் பத்திரிகைகள் எழுதிவிட்டன. நான் பார்த்துக்கொண்டிருந்தது கரையில் கயிற்றுப் பையோடு நின்றவர்களை.

அவர்களில் ஒருவர் கூடலூர்க்காரர், தமிழ் பேசினார். “தண்ணியப் பாக்காதீங்கக்கா, தலை சுத்தும். அந்தக் கல்லப் பாருங்க” என்றார். நடு ஆற்றில் கறுப்பாக ஒரு பாறை. “காலையில அதுக்கு முதுகு தெரிஞ்சுது. இப்ப தலைதான் தெரியுது.” இங்கே மழை ஓய்ந்து வெயில் அடித்தாலும் கல் முழுகிக்கொண்டே போனால் மலையில் கொட்டுகிறது என்று கணக்கு. நம் ஊரில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளத்தைக் கெப்பாலா ஆயர் என்று பயப்படுகிறோமே, அதன் முதல் தடயத்தை இவர்கள் அந்தக் கல்லில் தேடுகிறார்கள். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக வந்தாலோ விசில்தான்.

கயிற்றுப் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே பதினைந்து, இருபது மீட்டர் மிதக்கும் கயிறு. நான் அதைச் சுருட்டி வைக்கப் போனேன். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். சுருட்டினால் வீசும்போது முடிச்சு விழுமாம். விரல் விரலாக, ஒழுங்கே இல்லாமல் திணிக்க வேண்டும். அப்போதுதான் தடையில்லாமல் உருவி வரும். ஆற்றில் விழுந்தவரை முதலில் சத்தம் போட்டுத் திரும்ப வைக்க வேண்டும். பிறகு பை அவர் தலையைத் தாண்டி விழ, கயிறு அவர் மேல் கிடக்க வேண்டும். அவர் பிடித்ததும் வீசியவர் பாறையில் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்கிறார். இழுப்பதில்லை. ஆறே விழுந்தவரை வளைத்துக் கரையில் ஒதுக்கிவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. சிக்கினால் அறுக்க, மார்பில் ஒரு சின்னக் கத்தி எப்போதும் உண்டு.

படகோட்டிகளும் பாதி நேரம் கரையில்தான். பாறை பாறையாக நடந்து வந்து ஒவ்வொரு சரிவையும் உற்றுப் பார்க்கிறார்கள். ஒருத்தி ஒரு மரக்கிளையை எறிந்தாள். விளிம்பில் விழுந்து மறைந்தது, மேலே வந்தது, கீழ்நோக்கிப் போகாமல் மறுபடி விழுகிற தண்ணீருக்கே திரும்பியது. ஆட்டுக்கல்லில் மாவு சுற்றுவதுபோல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. விழுகிற தண்ணீர் அடிக்குப் போய்விட, மேல்மட்டத்துத் தண்ணீர் பின்னோக்கி ஓடுவதால் வரும் பொறி அது. ஆளையும் அப்படியே பிடித்து வைக்கும். அதனால்தான் விளிம்பில் கடைசித் துடுப்பை அழுத்திப் போட்டு, மூக்கைத் தூக்கி, பொறியைத் தாண்டிப் படகைத் தட்டையாக விழவைக்கிறார்கள். அவள் கிளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படகைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறை வழியாகவே கீழே இறங்கிப் போனாள். யாரும் கேலி செய்யவில்லை. அன்று நான் பார்த்ததிலேயே தேர்ந்த ஆட்டம் அதுதான் என்பேன்.

2024 ஜூலை 30 விடியுமுன் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலம் சரிந்ததும் இதே வயநாட்டு மலைகளில்தான். தேயிலைத் தோட்டத்து லயங்கள் அப்படியே போயின. உடல்களைச் சாலியாறு நிலம்பூர் வரை கொண்டுபோனது. சாலிப்புழாத் தண்ணீரும் அந்தச் சாலியாற்றுக்குத்தான் போகிறது. விழாப் பேச்சுக்கு நடுவே அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் கயிறு பிடித்தவர்கள் அடிக்கடி மலைப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

மதியத்துக்குமேல் கல்லின் தலையும் முழுகியது. விசில் ஊதி ஆற்றை மூடிவிட்டார்கள். படகோட்டிகள் முணுமுணுத்தார்கள், கூடலூர்க்காரர் கட்டன் சாயாவோடு வந்து உட்கார்ந்தார். மற்ற மாதங்களில் கோடஞ்சேரி ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவராம். “மழையில வெட்டு இல்ல. வெட்டு இல்லேன்னா கூலி இல்ல. அதான் இதுக்கு வந்தேன்.” இது எனக்குத் தெரிந்த கணக்கு. மழை நாளில் எங்கள் தோட்டத்திலும் அதே நிலைமைதான். ஜொகூரில் இப்போது ரப்பர் என்ன விலை போகிறது என்று கேட்டார். எங்கள் பக்கம் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது என்றேன். “அதுக்கு மழையில வேலை உண்டா?” என்று அடுத்த கேள்வி வந்தது.