அல்சூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

அல்சூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழைய மதராஸ் சாலை புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது, சென்னை மாகாணப் படைகளின் பின்னே நம் முன்னோர் பலர் கிழக்கிலிருந்து வந்தனர். சிப்பாய்கள் வந்தனர்; சிப்பாய்களுக்கு அரிசியும் பருப்பும் விற்ற வணிகர் வந்தனர்; கொத்தரும் தச்சரும் வந்தனர். வந்தவர் பலர் திரும்பவில்லை. சாலை மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டு இன்றும் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. அதன் வழியே அண்மையில் நாம் மேற்கொண்ட பயணம் ஒன்றையே இங்கு எழுதப் புகுந்தோம். கோயிலுக்கும் அன்று, திருமணத்துக்கும் அன்று. நான்கு டயர்களின் பொருட்டு!

நம் தமையனாரின் மகனுக்கு வயது இருபத்து நான்கு. கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் வேலை. சிறிய கார் ஒன்று சொந்தம். சென்ற ஆண்டு ஓரிரவில் நண்பர்களோடு விமான நிலையச் சாலையில் பந்தயமாக ஓட்டிக் காவலரிடம் அகப்பட்டான். அபராதம் கட்டினான். அது பெரிதன்று, அவன் தாய் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் பையன் இறங்கி வந்தான். "இனிச் சாலையில் இப்படி ஓட்டமாட்டேன் அம்மா. ஓட்டத்தான் வேண்டுமென்றால் ஓடுதடத்தில் ஓட்டிக்கொள்கிறேன். அதற்கு மட்டும் சம்மதம் கொடுங்கள்" என்றான். அண்ணியார் நெடுநேரம் யோசித்தார். "தாத்தா டயரைப் பார்த்துச் சரி என்றால் போ. சித்தப்பாவும் உடன் வரட்டும்" என்றார். நம்மை யாரும் கேட்கவில்லை என்பது வேறு செய்தி.

தாத்தா என்பவர் அண்ணியாரின் தந்தையார். அல்சூரிலே நாற்பதாண்டுக் காலம் லாரி டயர்களுக்கு ரீபட்டன் போட்டவர். தேய்ந்த பட்டனைச் சீவி, புதுப் பட்டியை ஒட்டி, அச்சில் வைத்துச் சூட்டில் வேகவைத்து எடுக்கும் தொழில் அது. அந்தப் பட்டி ரப்பரின் கதையும் நம் மதராஸ் சாலையின் மறுமுனையைச் சேர்ந்ததே. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் ரீபட்டன் ரப்பர் செய்ய முனைந்தார். 1961இல் அமெரிக்க நிறுவனமான மான்ஸ்ஃபீல்டின் கூட்டுறவோடு டயர்த் தொழிலில் இறங்கினார். அதுவே எம்.ஆர்.எஃப். நம் பிள்ளைகள் அப்பெயரை டெண்டுல்கரின் மட்டையில் படித்தவர்கள். தாத்தாவோ ரப்பர்ச் சுருளின் மேல் படித்தவர். 2022இல் ஐரோப்பிய ராலிப் பட்டம் வென்ற காரும் அந்நிறுவனத்தின் டயரில் ஓடியதே என்று பேரன் சொன்னபோது, "பலூன் ஊதினவர்களா!" என்று வியந்தார்.

ஓடுதடத்துக்கு எந்த டயர் நல்லது என்பதே வீட்டில் இரண்டு வாரம் நடந்த வழக்கு. கார் எவ்வளவு பெரிதாயினும் ஒவ்வொரு சக்கரமும் நிலத்தைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலமே. ஓட்டமும் திருப்பமும் நிறுத்தமும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பொறுப்பு. மென்மையான ரப்பர் தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் பதிந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுங்காலம் உழைக்கும், ஆனால் வழுக்கும். இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதற்கே கரித்தூளையும் சிலிக்காவையும் கலந்து உலகெங்கும் போராடுகிறார்கள்.

அமெரிக்க விதிப்படி டயரின் பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்று பொறிப்பார்கள். 100 என்பது அடிப்படை. 300 என்றால் அதைப்போல மும்மடங்கு உழைக்கும் என்பது கணக்கு. வேகத்தை விரும்புவோர் வாங்கும் சாலை டயரான மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் என்பதற்கு 300. தடத்திலும் சாலையிலும் ஓடும் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ.71ஆர் 200. தடத்துக்கென்றே பிறந்தது போன்ற டோயோ ஆர்888ஆர் 100. எண்ணைக் கொடுப்பவர் டயர் செய்பவரே ஆதலால், ஒரு நிறுவனத்தின் 200ஐயும் மற்றொன்றின் 200ஐயும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. ஆயினும் போக்கு விளங்கும்.

பையனுக்கு 100மேல் ஆசை. பாதி வழுவழுப்பான டயர் அது; பட்டனில் கோடுகள் சிலவே. சூடேறிய பின் தரையைக் கௌவிக்கொள்ளும். ஆனால் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு 2020 ஜூன் முதல் அரசின் கட்டுப்பாடு வந்துவிட்டமையால், வேண்டிய அளவில் கிடைப்பது எளிதாக இல்லை. நகரத்துக் கடை ஒன்றில் நான்கு இருப்பதாக அறிந்து தாத்தாவையும் அழைத்துக்கொண்டு சென்றோம். டயர் பளபளவென்று இருந்தது. கடைக்காரரும் இன்முகத்தோடு விலையைக் குறைத்தார். தாத்தா விலையைக் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கச்சுவரைத் தடவி நான்கு எண்களைத் தேடினார். 1218 என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் பிறந்த டயர் என்று பொருள். பிறகு கட்டைவிரல் நகத்தைப் பட்டனில் அழுத்தினார், நகம் பதியவில்லை. "ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும், தம்பி. காற்றே அதை இறுக்கிவிடும். இது பார்வைக்குப் புதுசு, பிடிக்கு மரம்" என்றார். கடைக்காரரின் முகம் சற்றே மாறியது. அன்பர்கள் அடுத்த முறை டயர் வாங்கும்போது அந்த நான்கு எண்களை ஒரு முறை படித்துவிட்டுப் பணப்பையைத் திறப்பார்களாக.

முடிவில், புதிதாகச் செய்யப்பட்ட, 300 வகையைச் சேர்ந்த சாலை டயர்களையே வாங்கினோம். பையனுக்கு மனமில்லை. "தடத்தில் நீ ஓடுவது அரை நாள். அங்கே போக முந்நூறு கிலோமீட்டர், திரும்ப முந்நூறு. மழை வந்தால் தண்ணீரை வெளியே தள்ளக் கோடு வேண்டாமா?" என்று தாத்தா கேட்டதற்கு அவனிடம் மறுமொழி இல்லை. சோமேசுவரர் கோயில் வாசலில் நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின் புறப்பட்டோம்.

விடியுமுன் கிருஷ்ணராஜபுரம் தாண்டிவிட்டோம். ஹொசக்கோட்டை, கோலார், முளுபாகல் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோலார் என்றதும் தங்கவயலின் நினைவு வராத தமிழர் உண்டோ? 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில் உழைத்தவருள் பெரும்பாலார் நம்மவர். பலமனேருக்கு அப்பால் மொகிலிக் கணவாய் இறங்குகிறது. சித்தூர், இராணிப்பேட்டை, வாலாஜா, பிறகு அகன்ற சென்னைச் சாலை. இராமானுசர் பிறந்த திருப்பெரும்பூதூரைக் கடந்ததும் இருங்காட்டுக்கோட்டை.

சென்னையில் கார்ப் பந்தயம் என்றால் முன்னாளில் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போரின்போது விமானம் இறங்க அமைத்த தளத்தில், போருக்குப் பின் கார்கள் ஓடின. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அப்பந்தயங்களை வளர்த்தது. அக்கழகமே பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைத்தது. 1990 முதல் அங்கே ஓட்டம் நடக்கிறது. சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத சில நாட்களில், கட்டணம் செலுத்தித் தலைக்கவசம் அணிந்து, சொந்தக் காரையே அதில் ஓட்டிப் பார்க்கலாம். பரிசு கிடையாது. எதிரே வரும் லாரியும் கிடையாது, மாடும் கிடையாது. அண்ணியார் சம்மதித்ததன் காரணம் அங்கே நின்றபோதுதான் நமக்கு நன்றாக விளங்கிற்று.

அங்கே பெங்களூரிலிருந்து வந்த நண்பன் ஒருவன் புத்தம் புதிய பாதி வழுவழுப்பு டயர்களோடு நின்றான். முதற் சுற்றில் அவன் கார் தடுமாறிற்று; அவ்வகை டயர் சூடேறும்வரை பிடிக்காது. மூன்றாம் சுற்றிலிருந்து நம் பையனை ஒவ்வொரு திருப்பத்திலும் விட்டுவிட்டுப் போனான். நம் பையனோ ஆறாம் சுற்றில் திரும்பி வந்து, "சித்தப்பா, கார் மிதக்கிறது" என்றான். காற்று சுமார் 5, 6 டிகிரி சூடேறினால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு கூடும். காலையில் 32 பவுண்டு வைத்திருந்த டயர் அப்போது 39 காட்டிற்று. டயர் நடுவில் உப்பி ஓரங்கள் தரையை விட்டன. காற்றை இறக்கி, சிறிது ஆறவிட்டு மறுபடி சென்றான். சாலை டயர் சூட்டில் களைத்துவிடும். இடையிடையே ஓய்வு கொடுத்தே ஓட்ட வேண்டும். அந்த ஓய்வில் அவன் நண்பனின் டயரைப் பார்த்த பார்வையை நாம் மறக்கவில்லை.

டயர் ஒருவனைத் தூக்கியும் விடும் என்பதற்கு நம் தமிழ்ப் பிள்ளையே சான்று. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் தடத்தில் பந்தயம். சரிந்த திருப்பம் ஒன்றில் மிஷெலின் டயர்கள் தாங்கமாட்டா என்று அந்நிறுவனமே எச்சரித்தது. அந்த டயர் பூட்டிய 14 கார்கள் தொடங்கும் முன்பே விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். ஏளனம் செய்தவர் உண்டு. ஆனால் விலகியவர்கள் உயிரோடு வீடு போனார்கள் என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

மாலையில் திரும்பினோம். சித்தூரில் தூறல், மொகிலிக் கணவாயில் கொட்டும் மழை. வளைவு ஒன்றைத் திரும்பியதும், பழுதாகி விளக்கின்றி நின்ற லாரி ஒன்று கண்முன் எழுந்தது. பையன் பிரேக்கை மிதித்தான். நாம் கண்ணை மூடிக்கொண்டோம் என்பதை ஒளிப்பானேன்? டயர்கள் நீரைக் கிழிக்கும் ஓசை கேட்டது. கார் நேராக நின்றது. லாரியின் பின்பலகைக்கும் நமக்கும் இடையே ஓர் ஆள் படுக்கும் இடம் இருந்தது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்போது நண்பனிடமிருந்து தொலைபேசி வந்தது: மழை நிற்கும்வரை வாலாஜாவில் தங்கிவிட்டானாம்.

அல்சூர் வந்து சேரும்போது நள்ளிரவு. அண்ணியார் வாசலிலேயே நின்றார். தாத்தா உறங்காமல் நாற்காலியில் இருந்தார். யார் முகத்தையும் பாராமல் கைவிளக்கோடு இறங்கிப்போய், குனிந்து ஒவ்வொரு டயரின் தோளையும் தடவினார். முன் இடது டயரின் வெளியோரம் சிதம்பி உருண்டிருந்தது. "அடுத்த ஞாயிறு இதைப் பின்னுக்கு மாற்றிவிடு. மறுபடி எப்போது போகிறாய்?" என்றார். பையன் தாயைப் பார்த்தான். அண்ணியார் பதில் சொல்லாமல் தோசைக்கல்லை அடுப்பில் வைக்க உள்ளே சென்றார்.