தாத்தாவின் பிஸ்டன்

எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் ஊதுபத்தி குத்தி வைக்க ஒரு பிஸ்டன் இருக்கிறது. தலைகீழாக நிறுத்தி உள்ளே மணல் நிரப்பியிருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்த தாத்தா, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு இராணுவம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவைச் சந்திக்கும் பேராதனைக்குமாக ஓடித் திரிந்தாராம். நான் பிறக்க முன்னமே வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சியது இந்தப் பிஸ்டனும் 'தாத்தாவோட நோட்டன்' என்ற பேச்சும்தான்.

2020 ஏப்ரல் 17. ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோம். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார், இங்கிலாந்தின் நோட்டன் கம்பனியை 1 கோடி 60 லட்சம் பவுணுக்கு வாங்கிவிட்டது என்று செய்தி வந்தது. மச்சான் உடனே தொலைபேசியில் வந்தான். "துரைமார் ஓட்டின வண்டிக் கம்பனிய நம்மாளு வாங்கிட்டான்! தாத்தா இருந்து பார்த்திருக்கணும்." அம்மா பிஸ்டனுக்கு ஒரு செவ்வரத்தம்பூ வைத்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மச்சான் கடைசியாகச் சொன்னது உறுத்தியது: "ஜப்பான்காரன் வீழ்த்தினத தமிழன் தூக்கி நிறுத்திட்டான்." கேட்ட இடமெல்லாம் இதே கதைதான். இவ்வளவு லேசாக வாயில் நுழையும் கதையை என்னால் அப்படியே விழுங்க முடிவதில்லை.

தேடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஜப்பான் கதை ஆட்டங்கண்டது. ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நோட்டன் பேர்மிங்ஹாமில் கம்பனி தொடங்கியது 1898இல். மான் தீவின் முதல் டி.டி. பந்தயத்தில், 1907இல், இரட்டை சிலிண்டர் பிரிவை வென்றது அவருடைய வண்டி. அதற்கு ஆறு வருடம் கழித்து, 1913இல், கம்பனி கடனில் மூழ்கியது. அன்று ஹொண்டா சோயிச்சிரோ ஆறேழு வயதுப் பையன். பிறகு வேறு கையில் எழுந்தது. 1953இல் அசோசியேட்டட் மோட்டார் சைக்கிள்ஸிடம் போனது. அந்தக் கம்பனியே 1966இல் விழ, மேங்கனீஸ் புரோன்ஸ் எடுத்துக்கொண்டது. 2008இல் ஸ்டுவர்ட் கார்னர் என்பவர் பெயரை வாங்கினார். 2020 ஜனவரி கடைசியில் மறுபடி வீழ்ச்சி. ஜப்பான் வண்டிகள் நடுவில் வந்து அடித்தது உண்மை. ஆனால் இந்தக் கம்பனி விழுவதற்கு ஜப்பானுக்காகக் காத்திருக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது தாத்தாவின் வண்டி. யுத்தத்துக்கென்று நோட்டன் ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டி செய்தது. அதில் பெரும்பாலானவை 16எச் என்ற மாதிரி: 490 சி.சி., ஒற்றை சிலிண்டர். அந்த 'எச்' என்ற எழுத்துக்கு அர்த்தம் தெரிந்தபோது நெடுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 'ஹோம்', அதாவது உள்நாட்டுக்கு. காலனிகளின் கரடுமுரடான பாதைக்கென்று 17சி என்று வேறொரு மாதிரி செய்தார்கள். அந்த 'சி', 'கொலோனியல்'. உள்நாட்டுக்கென்று பெயர் வைத்த வண்டியை யுத்தம் உலகமெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. பிலிமத்தலாவையிலிருந்து நாலைந்து மைல்கூட இல்லை. ஆக தாத்தாவின் கதை நம்பக்கூடியதுதான் என்று முடிவுகட்டினேன்.

அந்த முடிவை உடைத்தவர் கடலாதெனிய வீதியில் பித்தளை வார்க்கும் ஒரு பாஸ். எண்பதை நெருங்கியவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தோட்டத்துச் சனங்களோடு பழகிய தமிழ் பேசுவார். சிறுவனாகத் தகப்பனின் பட்டறையில் நின்ற காலத்தில், தாத்தாவின் வண்டிக்கு வெண்கலப் புஷ் வார்த்துக் கொடுத்தது நினைவிருக்கிறதாம். நான் நோட்டன் என்று வாயெடுத்ததுமே கையை ஆட்டினார்.

"ஃபிட்டர் ஐயாட பைக்கா? அது நோட்டன் இல்ல தம்பி. பி.எஸ்.ஏ."

"எங்க வீட்ல எல்லாரும் நோட்டன்னுதான் சொல்லுவாங்க, பாஸ்."

"சொல்லுவாங்க."

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. விளக்குக்கு மெழுகு உரு பிடிக்கத் திரும்பிவிட்டார். இரண்டாம் முறை 16எச் படங்களைக் கைபேசியில் கொண்டுபோனேன். மவுண்ட்பேட்டனைச் சொன்னேன், பேராதனையைச் சொன்னேன், ஒரு லட்சம் வண்டிக் கணக்கையும் சொன்னேன். படத்தைத் தொடக்கூட இல்லை. மெழுகின் மேல் களிமண்ணைப் பூசிக்கொண்டே இருந்தார். கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். கிழவருக்கு நினைவு தப்புகிறது என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அதை இன்று நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

மூன்றாம் முறை அவரே கேட்டார். "பிஸ்டன் இருக்குன்னு சொன்னீங்களே. அளந்தீங்களா?"

அளக்கவில்லை. மாதக்கணக்காகப் படித்துக் குவித்தவனுக்கு அது தோன்றவேயில்லை. இத்தனைக்கும் இரண்டு எண்களும் என் கொப்பியில் இருந்தன. நோட்டன் 16எச்சின் சிலிண்டர் விட்டம் 79 மில்லிமீட்டர், ஓட்டம் 100. அதே யுத்தத்தில் ஓடிய பி.எஸ்.ஏ. எம்20க்கு விட்டம் 82, ஓட்டம் 94. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டாலும் 79 என்பது 80 வரை போகலாம், 82 ஆகாது.

சாமிக்கு வைத்த சாமான் வீட்டை விட்டுப் போகாது என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகவே பாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணியர் அளவுகோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, அம்மாவிடம் அனுமதி கேட்டு, மணலைப் பத்திரிகைத் தாளில் கொட்டினார். பிஸ்டனைத் திருப்பித் திருப்பி மூன்று தரம் அளந்தார். 82.4.

"எண்பத்திரண்டு. அதுக்கு மேல அங்குலத்தில ஆயிரத்தில இருபது பங்கு ஓவர் சைஸ்," என்றார். மணலைத் தன் கையாலேயே திரும்ப நிரப்பிவைத்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "துரையோட வண்டிதான் நோட்டன். அப்பாதான் அத ரிப்பேர் பண்ணுவாரு. யாரும் கேட்டா நம்மளோடதும் நோட்டன்னு சொல்லச் சொல்லுவாரு." அறுபது வருடமாக அம்மா காத்துவந்தது அப்பாவின் அந்தச் சொல்லை.

எனக்கு ஏமாற்றமாக இல்லை. எம்20ஐத் தேடிப் போனேன். பேர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்தவர்கள் கூடி 1861இல் தொடங்கியதுதான் பி.எஸ்.ஏ. யுத்தத்துக்கு 1,26,000 எம்20 கொடுத்திருக்கிறார்கள். 1940 நவம்பர் 19 இரவு ஜெர்மன் குண்டு விழுந்து அவர்களின் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையில் 53 தொழிலாளர் செத்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு உலகத்திலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்த இந்தக் கம்பனியும் 1973இல் நொடிந்து, அதே மேங்கனீஸ் புரோன்ஸின் கைக்கு வந்தது. நோட்டன், ட்ரையம்ப் பெயர்களோடு ஒரே கூரைக்குள் போடப்பட்டது. இரண்டே வருடத்தில் அந்தக் கூரையும் சரிந்தது. பி.எஸ்.ஏ. என்ற பெயரை 2016இல் மஹிந்திராவின் கிளாசிக் லெஜன்ட்ஸ் 34 லட்சம் பவுணுக்கு வாங்கியது. இதை மச்சானிடம் சொன்னேன். "அப்ப இதுவும் இந்தியாக்காரன்கிட்டத்தான்," என்று திருப்தியானான்.

அதற்குள் என் கவனம் வேறொன்றில் மாட்டிக்கொண்டது. அது தவறான வண்டியைத் தேடிப் போன வழியில் கண்ணில் பட்டது. 2012, 2013இல் இருநூறுக்கும் மேற்பட்ட சாதாரண மனிதர்கள் தங்கள் ஓய்வூதியச் சேமிப்பை மூன்று திட்டங்களில் போட்டார்கள். அந்தத் திட்டங்களின் பொறுப்பாளர் கார்னர். ஒரு கோடி பவுணுக்கு மேல் வந்த அந்தப் பணத்தைத் தன் நோட்டன் கம்பனிப் பங்குகளிலேயே போட்டார். முதலாளியின் தொழிலில் 5 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஐந்து வருடம் கழித்துக் காசைக் கேட்டவர்களுக்குக் காசு கிடைக்கவில்லை. 2020 ஜூனில் ஓய்வூதியக் குறைகேள் அதிகாரி அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2022இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது.

டி.வி.எஸ். வாங்கியது நொடித்த கம்பனியின் சொத்துகளை: பெயர், வரைபடம், இயந்திரம். அவர்கள் சொலிஹல்லில் புதுத் தொழிற்சாலை கட்டினார்கள். கார்னர் காலத்தில் விற்ற வி4 வண்டிகளில் 35 குறைகள் இருப்பதாகக் கண்டு, ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களை எச்சரித்தார்கள். அதில் நேர்மை இருக்கிறது. ஆனால் ஓய்வூதியக்காரரின் பணம் அந்த விற்பனைப் பட்டியலில் இல்லை. பெயர் ஒரு பக்கம் போகும், கடன் இன்னொரு பக்கம் நிற்கும்.

இதைப் படித்த இரவு நான் அம்மாவின் சேமலாப நிதி பி அட்டையைத் தேடி எடுத்தேன். முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். அதற்குள் தோட்டம் இரண்டு தரம் கை மாறியது. வேலையை விட்டு நின்றபோது சேமலாப நிதியில் பல மாதங்களைக் காணோம். 'அது பழைய நிர்வாகத்தின் கணக்கு' என்று புது நிர்வாகம் சொன்னது. பழைய நிர்வாகம் பதிலே எழுதவில்லை. அம்மா அதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டார். நானும் பத்து வருடம் கேட்காமல் இருந்தேன்.

தோட்டமோ கடையோ கம்பனியோ கை மாறப்போகிறது என்று கேள்விப்பட்டால், வாங்குகிறவர் யார் என்று விசாரிக்க முன் உங்கள் சேமலாப நிதிக் கணக்கை விசாரியுங்கள். சம்பளத்தில் உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம், மாதாமாதம் விழுந்திருக்க வேண்டும். விழாத மாதங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, தொழில் திணைக்களத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு விழாத மாதங்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். மொத்தம் 27.