அம்மோனியா, பலூன், அப்புறம் எங்க ஊர் யானை

ஆணி ரொம்ப அதிகம் மக்களே, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலை காட்டல. இன்னைக்குப் பதிவு கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயந்து ஓடிடாதீங்க, நடுவுல யானை வருது.

எங்க ஊர் சானமாவு. ஓசூர்லேர்ந்து ராயக்கோட்டை போற ரோட்டுப் பக்கம். ஒரு பக்கம் காப்புக்காடு, இன்னொரு பக்கம் ராகி, தக்காளி, ரோஜாத் தோட்டம். கொஞ்சம் தள்ளிப் போனா சிப்காட் கம்பெனிங்க. நான் பொட்டி தட்டுறது பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில. வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ், மிச்ச நாள் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ்.

செப்டம்பர் கடைசியில ஒரு சாயங்காலம் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். கையில என் தங்கச்சியோட (அவர் பொண்ணு, பிளஸ் ஒன் படிக்கிறா) காலாண்டு மார்க் பேப்பர். கெமிஸ்ட்ரியில எழுபதுக்கு 13.

"டேய், நீ இஞ்சினியர்தானே? பாப்பாவுக்கு நீயே சொல்லிக் குடு. அரையாண்டும் இப்படித்தான் வரும்னா எதுக்குடா இந்தப் படிப்பு? ஏதோ ஒண்ணை முடிச்சிட்டு கம்பெனி பஸ் ஏறட்டும். வாசலுக்கே வருது."

அவரைத் தப்பு சொல்ல முடியாது. அந்த மாசம் தக்காளி விலை பறிக்கிற கூலிக்கே கட்டல. ஆனா அந்தப் பொண்ணுக்கு நர்சிங் போகணும்னு ஆசை. கெமிஸ்ட்ரி போச்சுன்னா அதுவும் போச்சு. கதவோரமா நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா.

நானும் பெரிய மனுஷனாட்டம் "அனுப்புங்க சித்தப்பா, பாத்துக்கலாம்"னு சொல்லிட்டேன்.

முதல் நாளே ஆப்பு.

"அண்ணா, போரான் ட்ரைஃபுளோரைடுல நடுவுல ஒண்ணு, சுத்தி மூணு. அம்மோனியாவுலயும் நடுவுல ஒண்ணு, சுத்தி மூணு. அது மட்டும் தட்டையா இருக்கு, இது ஏன் பிரமிடு மாதிரி இருக்கு?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன். அட்டவணையைப் பார்த்தேன். ஓட்டுல பல்லி இருக்கான்னு பார்த்தேன். அப்புறம் சொன்னேன்: "அது அப்படித்தான் பாப்பா. அட்டவணையை மனப்பாடம் பண்ணிக்கோ."

"எங்க மிஸ்ஸும் இதையேதான் சொன்னாங்க"ன்னா. அவ்வ்வ்வ்.

இங்க கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். நான் படிச்சது இந்தப் பக்கத்து உறைவிடப் பள்ளி ஒண்ணுல. பிளஸ் ஒன் சேர்ந்த முதல் மாசமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சிருவாங்க. அப்போ 1200 மார்க்கும் பிளஸ் டூவுக்குத்தான், பிளஸ் ஒன்னை எவன் கேட்கப் போறான்? இந்தக் கூத்துக்காகத்தான் பின்னாடி 2017-18லேர்ந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வச்சாங்க. நான் அதுக்கு முன்னாடி பேட்ச். வேதிப்பிணைப்பு பாடம் பிளஸ் ஒன் புத்தகத்துல இருந்தது. அந்தப் புத்தகம் புது வாசனை போகாமலே பழைய பேப்பர் கடைக்குப் போச்சு. எனக்குக் கெமிஸ்ட்ரியில 200க்கு 194. தண்ணி மூலக்கூறு ஏன் வளைஞ்சிருக்குன்னு எவனாவது கேட்டிருந்தா பூஜ்யம்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அவ புத்தகத்தையே வாங்கி உட்கார்ந்து படிச்சேன். பேரைக் கேட்டாலே ஜுரம் வரும்: இணைதிறக்கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை. பசங்க பாஷையில 'வெஸ்பர்'. 1940ல சிட்ஜ்விக், பவல்னு ரெண்டு பேர் விதை போட்டாங்க. 1957ல லண்டன்ல கில்லெஸ்பி, நைஹோம்னு ரெண்டு பேர் அதை ஒழுங்கு பண்ணி முழுக் கொள்கையாக்கினாங்க. விஷயம் என்னவோ ஒரே வரிதான். நடு அணுவைச் சுத்தி இருக்கிற எலக்ட்ரான் ஜோடிங்க ஒண்ணை ஒண்ணு தள்ளும், எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலகி நிக்கும். அப்படி நிக்கிறதுதான் மூலக்கூறோட வடிவம்.

மறுநாள் ராயக்கோட்டை ரோட்டுக் கடையில ஒரு பாக்கெட் பலூன் வாங்கினேன். (கடைக்காரர் "யாருக்கு பர்த்டே?"ன்னார். அம்மோனியாவுக்குன்னா சொல்ல முடியும்?)

நீங்களும் செஞ்சு பாருங்க. ரெண்டு பலூனை ஊதி வாயோட வாய் கட்டினா எதிரும் புதிருமா நேர்கோட்டுல நிக்கும். கார்பன் டை ஆக்சைடு அப்படித்தான். மூணு கட்டினா தரையில தட்டையா, முக்கோணமாப் படுத்துக்கும். அது போரான் ட்ரைஃபுளோரைடு. நாலு எப்படிக் கட்டுறதுன்னா, ரெண்டு ரெண்டா கட்டி, ரெண்டு ஜோடியையும் நடுவுல ஒரு முறுக்கு முறுக்கணும். நாலும் தரையில கூட்டல் குறி மாதிரி படுக்கும்னுதான் அவளும் நானும் நினைச்சோம். படுக்கல. மூணு கால்ல நின்னு நாலாவது மேல தூக்கிக்கிச்சு. நான்முகி! கூட்டல் குறியில நடுக்கோணம் 90 டிகிரி. நான்முகியில 109.5. மேல இடம் இருக்கும்போது எதுக்கு இடிச்சுக்கிட்டுப் படுக்கணும்? மீத்தேன் நிக்கிறது அப்படித்தான்.

யாரும் சொல்லிக் குடுக்காம பலூன் அதுவா நிக்குது. அவ அதைக் கலைச்சுக் கலைச்சு விட்டா. ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி போய் நின்னுச்சு. சிரிச்சா. காலாண்டு பேப்பர் வந்ததுக்கு அப்புறம் அவ சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

இப்போ அவ கேள்விக்கு வருவோம். போரானுக்கு வெளிக்கூட்டுல மூணே எலக்ட்ரான். மூணும் பிணைப்புக்குப் போயிருச்சு, கையில மிச்சம் இல்ல. மூணு பலூன், அதனால தட்டை. நைட்ரஜனுக்கு அஞ்சு. மூணு ஹைட்ரஜனுக்கு மூணு போக, ரெண்டு மிச்சம். அந்த ரெண்டும் சேர்ந்து ஒரு ஜோடியா சும்மா உட்கார்ந்திருக்கு. அதுதான் தனித்த எலக்ட்ரான் இரட்டை, லோன் பேர். ஆக மொத்தம் நாலு பலூன்.

மூணு வெள்ளை பலூன், ஒரு சிவப்பு பலூன் எடுத்தோம். சிவப்பை மட்டும் கொஞ்சம் பெருசா ஊதினோம். பிணைப்பு ஜோடியை ரெண்டு பக்கமும் ரெண்டு அணு இழுத்துப் பிடிச்சிருக்கும். லோன் பேரைப் பிடிக்க மறுபக்கம் ஆள் கிடையாது. அதனால நடு அணுகிட்டயே அகலமா கால் நீட்டி உட்காரும், மத்த மூணையும் தள்ளும். 109.5 வரவேண்டிய கோணம் அம்மோனியாவுல 107 ஆகுது. தண்ணியில ஆக்ஸிஜனுக்கு இப்படி ரெண்டு ஜோடி. அங்க 104.5.

இதுல விசேஷம் என்னன்னா, வடிவத்துக்குப் பேர் வைக்கும்போது லோன் பேரைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. அணு எங்கெங்க இருக்குன்னு மட்டும்தான் பார்ப்பாங்க. சிவப்பு பலூனைக் கையால மறைச்சிட்டுப் பார்த்தா மூணு காலு பிரமிடு. "ஓ, அதான் பிரமிடா!"ன்னா. எனக்கும் அப்பதான் முழுசா விளங்குச்சு, அவகிட்ட சொல்லல :-)

தண்ணி மட்டும் கார்பன் டை ஆக்சைடு மாதிரி நேர்கோடா இருந்திருந்தா ரெண்டு பக்க இழுப்பும் சமமாகி மின்முனையே இருக்காது. உப்பை இப்படிக் கரைக்காது, ஒண்ணை ஒண்ணு இப்படிப் பிடிச்சுக்கிட்டுத் திரவமா நிக்காது. நாம உயிரோட இருக்கிறதுல பேர்கூட இல்லாத ரெண்டு ஜோடிக்குப் பங்கு இருக்கு.

நவம்பர்ல யானைங்க வந்துருச்சு. வருஷா வருஷம் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியா எங்க காட்டுக்கு வரும். ராகி கதிர் முத்துற நேரம் அதுங்களுக்கும் தெரியும். ஒரு சாயங்காலம் வனத்துறை வண்டி ஸ்பீக்கர் கட்டி, யாரும் இருட்டுல வெளிய வராதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. சித்தப்பா ராத்திரியெல்லாம் வயல் காவல். டியூஷன் நாலு நாள் கட். அரையாண்டுக்கு மூணு வாரம்தான் இருந்தது. நான் போன்ல கேள்வி அனுப்புவேன், அவ நோட்டுல படம் வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்புவா. அதுல பாதி தப்பு. லோன் பேரை மறந்துட்டே இருந்தா.

அஞ்சாவது நாள் வந்தவ நோட்டைக்கூடப் பிரிக்கல. "அண்ணா, இந்த நாலு நாள்ல நாங்க யாரும் யானையைப் பார்க்கவே இல்ல. ஆனா பால் வண்டி சுத்திக்கிட்டுப் போச்சு. ஜனங்க அஞ்சு மணிக்கே கதவைச் சாத்துனாங்க. மாட்டை இந்தப் பக்கம் மேய்ச்சாங்க. நான் டியூஷன் வரல. ஊரே வளைஞ்சு நின்னுச்சு. இதானே லோன் பேர்?"

இதுக்கு நான் என்னத்த சொல்ல? (இந்தக் காட்டோரம் யானையால உயிர் போன வீடுங்க உண்டு. எங்களுக்கு யானை விளையாட்டு இல்ல. அதனாலதான் அவளுக்கு அது சட்டுனு பிடிபட்டிருக்கணும்.) அதுக்கப்புறம் அவ லோன் பேரை மறக்கல.

ஒரு சவால் விட்டேன், செனான் டெட்ராஃபுளோரைடு. 1957ல கில்லெஸ்பி எழுதினப்போ அப்படி ஒரு சேர்மமே கிடையாது, 1962லதான் செஞ்சாங்க. அவ விரல் விட்டு எண்ணினா. செனானுக்கு எட்டு, நாலு பிணைப்புக்குப் போச்சு, மிச்சம் நாலு, அதாவது ரெண்டு ஜோடி. மொத்தம் ஆறு பலூன், எண்முகி. "ரெண்டு யானையும் பக்கத்துல பக்கத்துல நிக்காதுண்ணா, ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ போகும். மிச்ச நாலும் தட்டையா சதுரம்." அளந்து பார்த்தவங்களுக்கும் சதுரம்தான் கிடைச்சது.

இந்தத் தள்ளுமுள்ளு விஷயத்துல நம்ம சென்னைக்கும் பெரிய பங்கு இருக்கு. ஜி.என்.ராமச்சந்திரன் 1952ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியரா வந்தார். 1954ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து கொலாஜன் புரதத்துக்கு மூணு இழை வடிவம் சொன்னார். தோல், எலும்புல எல்லாம் இருக்கிற புரதம் அது. வெளிநாட்டுல க்ரிக்கும் ரிச்சும், 'சில அணுக்களை ரொம்ப நெருக்கமா வச்சிருக்கீங்க'ன்னு குறை சொன்னாங்க. மனுஷன் சோர்ந்து உட்காரல. சரி, எவ்வளவு நெருங்கினா அது 'ரொம்ப'ன்னு தேட ஆரம்பிச்சார். அதுலேர்ந்து வந்ததுதான் 1963ல ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேர்ந்து போட்ட படம், ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியில ஒவ்வொரு கண்ணிக்கும் ரெண்டு திருப்புக் கோணம். எந்தக் கோணத்துல அணுக்கள் இடிச்சுக்கும், எதுல இடிக்காதுன்னு கணக்குப் போட்டா படத்துல பெரும்பகுதி 'கூடாது'. மிஞ்சுறது சில தீவு. இயற்கை அந்தத் தீவுகளுக்குள்ளதான் குடியிருக்கு. இன்னைக்கும் புதுசா ஒரு புரத வடிவம் கண்டுபிடிச்சா இந்தப் படத்துல வச்சுத்தான் சரி பார்க்கிறாங்க. புரத வடிவத்தைக் கம்ப்யூட்டரால கணிச்சதுக்கு 2024 நோபல்ல பங்கு கிடைச்சது. அடியில எல்லாம் ஒரே சங்கதிதான். ஒரே இடத்துல ரெண்டு எலக்ட்ரான் கூட்டம் உட்கார முடியாது.

இதைச் சொன்னப்போ அவளுக்கு நோபல் மேல பெருசா ஆர்வம் இல்ல. "அவருக்கும் தப்புன்னு சொன்னாங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டா. ஆமான்னேன்.

அரையாண்டு மார்க் ஜனவரியில வந்தது. எழுபதுக்கு 38. வானவேடிக்கை மார்க் இல்லதான். சித்தப்பா பேப்பரைப் பார்த்தார், மடிச்சு சட்டைப் பையில வச்சார், "அடுத்த வருஷம் ஃபீஸ் எப்போ கட்டணும்?"னு மட்டும் கேட்டார்.

போன வாரம் வேற கேள்வியோட வந்தா. "ஹைட்ரஜன் சல்ஃபைடும் தண்ணி மாதிரிதானே, அங்க மட்டும் கோணம் ஏன் 92?" இந்தத் தடவை பல்லியைத் தேடல. வளையும்னு இந்தக் கொள்கை சரியாச் சொல்லும், 92ங்கிற எண்ணை அதால சொல்ல முடியாது, அதுக்கு வேற பாடம் படிக்கணும், சேர்ந்து படிப்போம்னேன். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம்.

டிஸ்கி: பலூன் எல்லாம் சுருங்கிப் போச்சு. சிவப்பை மட்டும் நோட்டுக்குள்ள வச்சிருக்கா. 92 டிகிரிக்கு எளிமையா விளக்கம் தெரிஞ்ச மகராசனுங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்கப்பா, புண்ணியமாப் போகும்.